‘சத்தியமா ஃபைனல்’ ஃபைலும் ஒரு புது எஸ்.எஸ்.டி.யும்

கோவில்பட்டியில் அந்த டி.டி.பி. கடைக்குப் பெரிய போர்டு எல்லாம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரோரம் மாதிரிப் பத்திரிகைகள் அடுக்கிய பலகை. அவ்வளவுதான். கல்யாணம், காதணி விழா, சடங்கு, புதுமனை புகுவிழா, அம்மன் கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே இங்கே வடிவமைக்கப்பட்டு சிவகாசிக்கு அச்சுக்குப் போகும்.

கடையை ஆரம்பித்தவர் அவளுடைய கணவர். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் விசேஷப் பத்திரிகையை அவருடைய கம்ப்யூட்டரிலேயே அவள்தான் டைப் செய்தாள். அன்றிலிருந்து கடை அவள் பொறுப்பு.

பக்கத்துக் கடைக்காரர்கள் அவளிடம் அடிக்கடி கேட்பார்கள். “மொபைல்லயே பத்திரிகை பண்ணிடறாங்களே, இன்னும் எப்படிக்கா தாக்குப்பிடிக்கிறீங்க?”

அதற்குக் காரணம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். பத்திரிகையில் படம் போடுவது யாருக்கும் வரும். பெயர்களை வரிசைப்படுத்துவதுதான் கஷ்டம். பெரியப்பா பெயர் முதலிலா, தாய்மாமன் பெயர் முதலிலா? கோபித்துக்கொண்டு போன சித்தப்பாவைச் சேர்ப்பதா, விடுவதா? மூத்த பெண்ணின் கல்யாணத்தில் பத்து நாள் சண்டை போட்டு முடிவான வரிசை, அப்படியே ஒரு ஃபைலாக அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும். இரண்டாவது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அந்தக் குடும்பம் நேராக இங்கேதான் வரும்.

அவள் கணவர் அந்த ஃபைல்களுக்கு வைத்த பெயர்களும் அப்படித்தான். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் டூ’, ‘இதுதான் ஃபைனல்’, கடைசியாக ‘சத்தியமா ஃபைனல்’. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாட்களில் சிரிப்போடு நிற்காது.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் பெருக்கி, கோலம் போட்டு, பத்தி ஏற்றிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐப்பசி கடைசியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பெட்டிக்குள்ளிருந்து ‘டக்... டக்...’ என்று ஒரு சத்தம்.

மகன் கோயம்புத்தூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. போனிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான். “ஹார்டு டிஸ்க் போகப் போகுதும்மா. எஸ்.எஸ்.டி. போட்டுடலாம். ராக்கெட் மாதிரி இருக்கும்.”

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றும். அதன் மேல் ஒரு முள் ஓடி ஓடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் கிடையாது. பென்டிரைவ், மெமரி கார்டு போல எல்லாமே சிப்தான். அதனால்தான் அந்த வேகம். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வரும்போது 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிக்கொண்டே வந்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்து, பழைய டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதியதை மாட்டினான். கம்ப்யூட்டர் ஓடியது. பழைய டிரைவ்கள் தெரிந்தன. புதியது தெரியவே இல்லை.

“டிரைவர் இல்லம்மா. அதான் காட்டல” என்றான்.

டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் அதில் மாட்டும் கருவிக்கும் நடுவில் நின்று பேசும் சின்ன மென்பொருள். பிரின்டர் வாங்கியபோது அந்தக் கம்பெனியின் டிரைவரைப் போட்ட பிறகுதான் ஓடியது என்பது அவளுக்கும் நினைவிருந்தது. அப்படியென்றால் இதற்கும் வேண்டும்தானே?

சந்தேகத்துக்கு ஊரிலிருந்த ஒரு சர்வீஸ் கடையில் போய்க் கேட்டாள். “ஆமாக்கா, அந்தந்தக் கம்பெனி டிரைவர் போடணும். இல்லன்னா சீக்கிரம் டிஸ்க் போயிடும். ஃபார்மெட், டிரைவர், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து 2,500 ரூபா ஆகும். ரெண்டு நாள் பெட்டி இங்கேயே இருக்கட்டும்” என்றார்கள்.

2,500 ரூபாய் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ‘ஃபார்மெட்’ என்ற சொல்தான் உறுத்தியது. “ஃபார்மெட்னா உள்ள இருக்கறதெல்லாம்?” என்றாள். “அதெல்லாம் எடுத்துக் குடுத்துடுவோம்க்கா” என்று போனைப் பார்த்துக்கொண்டே பதில் வந்தது. அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

கடையில் மகன் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தான். எஸ்.எஸ்.டி. பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘டிரைவர்’ என்று சேர்த்துத் தேடியதில் ஒரு பக்கம் திறந்திருந்தது. பச்சை நிறத்தில் பெரிய பட்டன். ‘உங்கள் டிரைவர் மிகவும் பழையது. உடனே புதுப்பிக்கவும்.’

“இது உண்மைதாம்மா. நானும் பார்த்துட்டேன்” என்று டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினான். டிஸ்க் டிரைவ்கள் என்ற தலைப்பின் கீழே புது எஸ்.எஸ்.டி.யின் பெயர் இருந்தது. அதைத் தட்டி, டிரைவர் என்ற பகுதிக்குப் போனான். வழங்குநர்: மைக்ரோசாஃப்ட். தேதி: 21-06-2006.

“2006! நான் பிறந்த வருஷம்மா. எனக்கு மீசையே வந்துடுச்சு, இன்னும் அதே டிரைவர்.”

விரல் பச்சைப் பட்டனை நோக்கிப் போனது. “இருடா” என்றாள் அவள். “பென்டிரைவ் மாட்டுறோமே, அது என்ன கம்பெனின்னு என்னைக்காவது கேட்டிருக்கா? கஸ்டமர் ஆளுக்கொரு கம்பெனி பென்டிரைவோட வர்றாங்க. எல்லாம் ஓடத்தானே செய்யுது?”

அவனிடம் பதில் இல்லை. “மாமாவுக்குப் போன் போடு” என்றாள்.

அவளுடைய தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். வீடியோ காலில் வந்தவரிடம் மருமகன் பச்சைப் பட்டனைக் காட்டினான்.

“மாப்ளே, முதல்ல அந்தப் பக்கத்தை மூடு. நான் சொல்லும்வரை எதையும் அமுக்காதே” என்றார். “இப்ப டிவைஸ் மேனேஜர்ல பழைய டிஸ்க்கோட பேரைத் திற. அதுக்கு என்ன டிரைவர் போட்டிருக்குன்னு படி.”

வேறு கம்பெனி. வேறு வகை. வழங்குநர்: மைக்ரோசாஃப்ட். தேதி: 21-06-2006.

“அத்தான் இந்த டிஸ்க்கை மாட்டி பன்னெண்டு வருஷம் இருக்குமா? இத்தனை வருஷமா யாரோட டிரைவர்ல ஓடுச்சு?” என்றார் மாமா.

மகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரே டிரைவர்.

மாமா பொறுமையாகவே விளக்கினார். சுவரில் பல்பு ஹோல்டர் இருக்கிறது. எந்தக் கம்பெனி பல்பு வாங்கினாலும் அதில் பொருந்துகிறது. ஹோல்டரின் அளவு எல்லோருக்கும் பொதுவானது என்பதுதான் காரணம். டிஸ்க்குக்கும் அப்படிப் பொது விதிகள் உண்டு. சாட்டா ஒயரில் மாட்டும் எஸ்.எஸ்.டி.க்கு ஏ.ஹெச்.சி.ஐ. என்ற விதிமுறை, அது 2004-ல் வந்தது. சூயிங்கம் பட்டை போல மதர்போர்டிலேயே செருகும் வேகமான எஸ்.எஸ்.டி.களுக்கு என்.வி.எம்.இ. என்ற விதிமுறை, அதன் முதல் பதிப்பு 2011-ல் வந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்த விதிப்படிதான் தயாரிக்கிறார்கள். விண்டோஸில் இரண்டுக்குமான பொது டிரைவர் முன்பே இருக்கிறது. லினக்ஸிலும் அப்படித்தான்.

“பிரின்டர்ல ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை. அதனால தனி டிரைவர் வேண்டியிருந்துச்சு. டிஸ்க் எல்லாம் ஒரே பாஷைதான் பேசும்.”

“அப்ப 2006?” என்றான் மகன். அவனுக்கு அது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

“அது மைக்ரோசாஃப்ட் வேணும்னே போட்ட தேதி மாப்ளே. ஒரு கருவிக்கு ரெண்டு டிரைவர் பொருந்தினா எது புதுசுன்னு விண்டோஸ் தேதியையும் பார்க்கும். தன்னோட பொது டிரைவருக்கு எப்பவும் பழைய தேதி போட்டு வெச்சா, கம்பெனிக்காரன் குடுக்கிற டிரைவர் அதைவிடப் புதுசா தெரியும். அதுக்கு வழி விடுறதுக்காகத்தான் அப்படி. உண்மையான வயசு தெரியணும்னா தேதிக்குக் கீழ இருக்கிற வெர்ஷன் நம்பரைப் பாரு. உன் விண்டோஸ் வெர்ஷனோட ஒத்துப்போகும்.”

அவன் பார்த்தான். ஒத்துப்போனது.

டிரைவர் எங்கேயுமே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. விண்டோஸ் 7 வந்தபோது என்.வி.எம்.இ. இல்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. விண்டோஸ் 8.1-லிருந்து அது உள்ளேயே வந்துவிட்டது. அந்த இடைக்காலத்தில், 2015-ல் வந்த 950 ப்ரோ போன்ற சில எஸ்.எஸ்.டி.களுக்கு சாம்சங் தன் சொந்த டிரைவரைக் கொடுத்தது. ‘கம்பெனி டிரைவர் போடணும்’ என்ற பேச்சு இன்னும் ஓடுவதற்கு அந்தக் காலத்துப் பழக்கமும் ஒரு காரணம்.

இன்றைக்கும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வதுண்டு. இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பிந்தைய சில லேப்டாப்களில் புதிதாக விண்டோஸ் போடும்போது, ‘டிஸ்க் எதுவுமே இல்லை’ என்று திரை சொல்லும். அங்கே உண்மையிலேயே டிரைவர் வேண்டும். ஆனால், அது எஸ்.எஸ்.டி. கம்பெனியின் டிரைவர் அல்ல. லேப்டாப்புக்குள் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பின் டிரைவர். லேப்டாப் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் இருந்து இறக்கி, பென்டிரைவில் வைத்துக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். “பல்பு நல்லாத்தான் இருக்கு, ஹோல்டருக்குப் போற ஒயர்லதான் விஷயம்னு வெச்சுக்கோ” என்றார் மாமா.

“எல்லாம் சரி தம்பி, எங்க டிஸ்க் ஏன் தெரியலை?” என்று அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“பேரு டிவைஸ் மேனேஜர்ல வந்துடுச்சுல்லக்கா? அப்பவே டிரைவர் வேலை முடிஞ்சுது. புது நோட்டுல கோடு போடாம இருக்கு, அவ்வளவுதான்.”

புது டிஸ்க் பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். அதை இனிஷியலைஸ் செய்து, பகுதி பிரித்து, ஃபார்மெட் செய்து, ஓர் எழுத்து கொடுத்தால்தான் மற்ற டிரைவ்களோடு தெரியும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஐந்து நிமிட வேலை. டிரைவர் இல்லை என்று நினைத்து அலைபவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

மகன் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தான். மாமாவின் குரல் மாறியது. “இங்கதான் கவனம் மாப்ளே. டிரைவர் தப்பாப் போட்டா எடுத்துடலாம். இங்க தப்பான டிஸ்க்கை ஃபார்மெட் பண்ணிட்டா உங்கப்பாவோட பன்னெண்டு வருஷமும் போச்சு. கம்பெனி பேரு இங்க பெருசாத் தெரியாது. அளவைப் பாரு.”

பழையது 1 டிபி. திரையில் 931 ஜிபி. புதியது 500 ஜிபி. திரையில் 465 ஜிபி. “குறையுதே?” என்றாள் அவள். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, யாரும் ஏமாற்றவில்லை என்றார் தம்பி.

“இப்போதைக்கு எதையும் பண்ண வேண்டாம். மூடிடு. அந்த டக் டக் சத்தம்தான் அவசரம். முதல்ல ஃபைலையெல்லாம் வேற இடத்துல காப்பி எடுங்க. மத்ததெல்லாம் நாளைக்கு.”

எதிரே இருந்த ஸ்டுடியோக்காரர் தன் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார். இரவு எட்டு மணிக்கு காப்பி ஆரம்பித்தது. மகன் தூங்கிப்போனான். அவள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. யார் யார் வீட்டுக் கல்யாணமோ, கொடை விழாவோ, அஞ்சலியோ. இடையிடையே ‘டக்’ என்று சத்தம் வரும். பெயர்கள் நின்றுவிடும். அவளுக்கும் மூச்சு நின்றுவிடும். மறுபடி ஓடும். ‘சத்தியமா ஃபைனல்’ என்று ஒன்று கடந்தபோது, “இதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்று யாரிடமோ சொன்னாள். முடியும்போது விடிகாலை மூன்றரை.

மறுநாள் இன்னொரு கேள்வி வந்தது. புதிதாக விண்டோஸ் போடுவதா, பழையதை அப்படியே பிரதி எடுப்பதா? புதிதாகப் போட்டால் சுத்தமாக இருக்கும் என்றான் மகன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பேஜ்மேக்கர், தமிழ் எழுத்துருக்கள், அவர் சேர்த்து வைத்த பார்டர் டிசைன்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால்தான் அவளுக்குக் கை ஓடும். அவற்றை மறுபடி நிறுவ, சி.டி.க்கள் எங்கே என்றுகூடத் தெரியாது.

அதனால் குளோன் என்று முடிவானது. இங்கேதான் கம்பெனி உள்ளே வந்தது. எஸ்.எஸ்.டி. தயாரித்த கம்பெனியின் சொந்த இணையதளத்தில், குளோன் செய்யும் மென்பொருள் இலவசமாகவே இருந்தது. கம்பெனி டிரைவர் வேண்டாம் என்றவர், கம்பெனி மென்பொருளை மட்டும் எடுக்கச் சொல்கிறாரே என்று மகன் கேட்டான்.

மாமா மூன்றாகப் பிரித்துச் சொன்னார். டிரைவர், விண்டோஸுக்குள் இருப்பது. அது ஏற்கெனவே இருக்கிறது. ஃபர்ம்வேர், எஸ்.எஸ்.டி.க்குள்ளேயே இருக்கும் மென்பொருள், அது கம்பெனியுடையது. மூன்றாவது, உதவிக் கருவிகள். சாம்சங்கின் மேஜிஷியன், கிங்ஸ்டனின் எஸ்.எஸ்.டி. மேனேஜர் போன்றவை டிஸ்க்கின் ஆயுளைப் பார்க்கவும், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும் உதவும். இல்லாவிட்டாலும் டிஸ்க் ஓடும்.

ஃபர்ம்வேரை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. 2014-ல் சாம்சங்கின் 840 ஈவோ எஸ்.எஸ்.டி.யில், நாள்பட்ட ஃபைல்களைப் படிக்கும்போது மட்டும் வேகம் குறைகிறது என்ற புகார் எழுந்தது. அதைச் சரிசெய்யக் கம்பெனி புது ஃபர்ம்வேர்தான் வெளியிட்டது. எந்த டிரைவரைப் போட்டிருந்தாலும் அது தீர்ந்திருக்காது. ஃபர்ம்வேர் மாற்றும் முன் காப்பி எடுத்துக்கொள்வதும், நடுவில் கரன்ட் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொன்னார். சில லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். டிஸ்க்கில் கை வைக்கும் முன் அதன் மீட்புச் சாவி எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

குளோனுக்கு மூன்று மணி நேரம் ஆனது. எதிலிருந்து எதற்கு என்று கேட்ட இடத்தில் மகன் அளவை வாய்விட்டுப் படித்தான். “931-லேர்ந்து 465-க்கு.” அவள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதன் ஒயரைப் புதியதில் மாட்டினான்.

சுவிட்சைப் போட்டார்கள். அவள் வழக்கம்போல் பத்தியைத் தேடப் போனாள். தீப்பெட்டியை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. அதே பின்னணிப் படம். அதே இடத்தில் அதே ஃபோல்டர்கள். எந்தக் கம்பெனி என்று கேட்கவும் இல்லை, டிரைவர் கேட்கவும் இல்லை. டிரைவ்களைச் சீராக்கும் பகுதியைத் திறந்தபோது, ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று விண்டோஸே அடையாளம் கண்டு எழுதியிருந்தது.

பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி, மேலே தேதி எழுதி, பீரோவில் வைத்தாள். ஸ்டுடியோக்காரரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் முன், மகனை அனுப்பித் தனக்கென்று ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி அதிலும் காப்பி எடுத்தாள். இப்போது சனிக்கிழமைதோறும் கடை சாத்தும் முன் அந்த வேலை நடக்கிறது. எஸ்.எஸ்.டி.யும் ஒரு நாள் போகும். அது ‘டக் டக்’ என்று சொல்லிவிட்டுப் போகும் என்றும் நம்ப முடியாது என்று தம்பி சொல்லியிருக்கிறார்.

தை பிறந்ததும் முதல் ஆளாக ஒரு அம்மாள் வந்தார். மூத்த மகள் கல்யாணத்துக்கு இங்கேதான் பத்திரிகை. இப்போது இளையவளுக்கு. “பேரெல்லாம் போன தடவை மாதிரியே போட்டுடும்மா. மறுபடி அந்தப் பஞ்சாயத்தைக் கூட்ட என்னால முடியாது.”

பேசி முடிப்பதற்குள் ஃபைல் திறந்தது. ‘சத்தியமா ஃபைனல்’. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார். “எங்க மூத்தாருக்கு முன்னாடி ‘தெய்வத்திரு’ சேர்க்கணும்மா. போன வருஷம் தவறிட்டாரு.”

அவள் சேர்த்தாள். சேமிக்கும்போது புதுப் பெயர் கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘சத்தியமா ஃபைனல் டூ’ என்று டைப் செய்தாள்.